கேர் ஹோமில் பத்து வருடம், பல்கலைக்கழகத்தில் முதல் வருடம்

இங்கிலாந்தில் கேர் வேலை பார்க்கும் தமிழர்களில் பலர் முப்பது, நாற்பது வயதுக்கு மேல் 'ஹெல்த் அண்ட் சோஷியல் கேர்' பட்டப் படிப்பில் சேர்கிறார்கள். சேரும்போது ஒரு தெம்பு இருக்கும்: இத்தனை வருடம் செய்த வேலைதானே, பாடம் தானாக வந்துவிடும். முதல் கட்டுரைக்கு 36 மதிப்பெண் வரும். தேறுவதற்கு 40 வேண்டும். கட்டுரையைப் புரட்டிப் பார்த்தால் செய்த வேலையில் ஒரு பிழையும் இருக்காது. ஒரு மூதாட்டியை எப்படிக் குளிப்பாட்டினார், எப்படித் தாஜா செய்து சாப்பிட வைத்தார் என்று நிறைவாக எழுதியிருப்பார். அந்த மூதாட்டி சம்மதித்தாரா, சம்மதிக்கும் நிலையில் இல்லையென்றால் அதை முடிவு செய்தது யார், எந்தச் சட்டத்தின்படி, அது எங்கே பதிவானது என்ற நான்கு கேள்விகளுக்குத்தான் பதில் இருக்காது. மூன்று வருடமும் இதே நான்கு கேள்விகள் வேறு வேறு வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

அதற்குப் போகுமுன், சேரும் இடத்திலேயே நடக்கும் தவறுகளைச் சொல்லிவிட வேண்டும். பணமும் வருடமும் அங்கேதான் அதிகம் வீணாகின்றன.

இது எதற்கான பட்டம்

இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நர்ஸ் ஆக முடியாது. சோஷியல் வொர்க்கரும் ஆக முடியாது. நர்ஸ் என்றால், நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்.எம்.சி. அமைப்பின் பதிவேட்டில் பெயர் வேண்டும். இங்கிலாந்தில் சோஷியல் வொர்க்கர் என்றால் 2019 டிசம்பரிலிருந்து 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து' பதிவேட்டில் வேண்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள். பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பாராமெடிக் போன்றோருக்கு எச்.சி.பி.சி. இந்த அமைப்புகள் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் அவரவர் இணையதளத்தில் இருக்கிறது. ஹெல்த் அண்ட் சோஷியல் கேர் பட்டம் அந்தப் பட்டியலில் வருவதில்லை. சேர்க்கை ஏஜெண்ட் "நர்சிங் மாதிரிதான்" என்று சொன்னால், 'மாதிரி' என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிடலாம்.

அதற்காக இது வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். கேர் கோஆர்டினேட்டர், கேர் ஹோம் நிர்வாகம், கவுன்சிலில் பதிவு தேவைப்படாத வேலைகள், ஜி.பி. மருத்துவகங்களோடு சேர்ந்து இயங்கி நோயாளிகளை உள்ளூர் உதவிகளோடு இணைக்கும் 'சோஷியல் பிரெஸ்கிரைபிங் லிங்க் வொர்க்கர்', தொண்டு நிறுவனங்கள் எனப் பல வாசல்கள் உண்டு. பட்டத்துக்குப் பின் இரண்டு வருட எம்.ஏ. சோஷியல் வொர்க் அல்லது எம்.எஸ்ஸி. நர்சிங் செய்து பதிவேட்டுக்குள் போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழி மனதில் இருந்தால் இப்போதே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் படிப்புகள் பெரும்பாலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கிலாந்தின் 16 வயதுப் பள்ளித் தேர்வு) ஆங்கிலத்திலும் கணக்கிலும் தரம் 4 அல்லது அதற்கு இணையானதைக் கேட்கும். பட்டம் கையில் இருந்தும் கணக்குச் சான்று இல்லாமல் ஒரு வருடம் காத்திருக்க நேரிடும். முதல் வருடத்திலேயே மாலை வகுப்பில் அதை முடித்துவிடுவது நல்லது.

பணக் கணக்கு. 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கு உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு. ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் கடனாகத் தரும். பலர் ஏமாறுவது வேறு இடத்தில். நர்சிங் மாணவருக்கு என்.எச்.எஸ். லேர்னிங் சப்போர்ட் ஃபண்டிலிருந்து வருடம் 5,000 பவுண்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லாமல் வரும். அது இந்தப் படிப்புக்குக் கிடையாது. தோழி வாங்குகிறாள், நமக்கும் வரும் என்று வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டவர்கள் அக்டோபரில்தான் விழிக்கிறார்கள்.

முழுப் பட்டம் 360 கிரெடிட். வருடத்துக்கு 120, லெவல் 4, 5, 6 என ஏறும். எச்.என்.டி. என்ற டிப்ளோமா என்றால் 240, மிச்சத்தை 'டாப்-அப்' வருடமாகச் செய்ய வேண்டும். பள்ளிப் படிப்பு இந்த நாட்டில் இல்லாதவர்களுக்கு ஆக்சஸ் டிப்ளோமா ஒரு நேர்வழி: 60 கிரெடிட், அதில் 45 லெவல் 3-இல் தர மதிப்பீட்டோடு. பாடம் நடத்துவது ஒரு தனியார் கல்லூரி, பட்டம் தருவது வேறொரு பல்கலைக்கழகம் என்ற ஏற்பாடும் நிறைய உண்டு. அப்படியானால் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? இவர்களுக்குள் ஒப்பந்தம் முறிந்தால் என்னை யார் முடித்துத் தருவார்கள்? பிளேஸ்மெண்ட் (படிப்பின் பகுதியான களப்பயிற்சி) உண்டா, அதை யார் தேடித் தருவார்கள்? எழுத்தில் பதில் வராவிட்டால் அதுவே பதில்.

பெயர், ஊசி, போலீஸ் சான்று

பிளேஸ்மெண்டுக்கு முன், குற்றப்பதிவைச் சரிபார்த்துத் தரும் டி.பி.எஸ். சான்று வேண்டும். கடைசி 5 வருட முகவரிகள் இடைவெளியில்லாமல், இதுவரை வைத்திருந்த எல்லாப் பெயர்களும் சேர்த்து. தமிழர்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், வங்கியில் பின்னால், டிரைவிங் லைசென்ஸில் ஓர் எழுத்து குறைவு, திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் ஓர் ஆவணத்தில் மட்டும். கணினிக்கு இவை நான்கு ஆட்கள். சேர்க்கைக்கு முன்பே எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதை மூலமாக வைத்து மற்றதை மாற்றுங்கள். மாற்ற முடியாதவற்றை விண்ணப்பத்தில் 'முன்பு பயன்படுத்திய பெயர்' என்று அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்டால் வெறும் தாமதமாக அது முடியாது, மறைத்ததாகவும் படிக்கப்படலாம்.

டி.பி.எஸ். சான்றின் அசல் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கடித உறையை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. சான்று வழங்கிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்டேட் சர்வீஸில் பதிந்துவிட்டால், பொருந்துகிற அடுத்த வேலைக்கு முழு விண்ணப்பம் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது. நாள் தவறினால் அடுத்த சான்று வரும்வரை அந்த வசதி இல்லை. வெளிநாட்டுக் குற்றப்பதிவு டி.பி.எஸ்.ஸுக்குத் தெரியாது, அதனால் அண்மையில் இலங்கையிலோ இந்தியாவிலோ வாழ்ந்திருந்தால் அங்கிருந்தும் போலீஸ் சான்று கேட்கப்படலாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஊசி விஷயமும் காலத்தோடு செய்ய வேண்டியது. ஹெபடைட்டிஸ் பி வழக்கமான முறையில் 0, 1, 6 மாதம் என மூன்று முறை. செப்டம்பரில் தொடங்கினால் மார்ச்சில்தான் முடியும். ஜனவரி பிளேஸ்மெண்டுக்குக் கைகொடுக்காது. போட்டு முடிந்ததும் இரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்ப்பார்கள்: 100-க்கு மேல் என்றால் நல்லது, 10-க்கும் 100-க்கும் இடையில் என்றால் இன்னொரு ஊசி, 10-க்குக் கீழ் என்றால் மேல்பரிசோதனை. எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசி), சின்னம்மை, காசநோய் விவரமும் கேட்பார்கள். ஊரில் சின்னம்மை வந்தது வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும், காகிதம் இருக்காது. அதற்கு இரத்தப் பரிசோதனைதான் வழி.

"அவவுக்கு ஒண்டும் விளங்காது, என்னட்டக் கேளுங்கோ"

முதல் வருடத்தின் முதுகெலும்பு சட்டம். 2014-இன் கேர் ஆக்ட், 2005-இன் மென்டல் கபாசிட்டி ஆக்ட், 1983-இன் மென்டல் ஹெல்த் ஆக்ட், 1989-இன் சில்ட்ரன் ஆக்ட், 2010-இன் ஈக்வாலிட்டி ஆக்ட். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முடிவெடுக்கும் திறன் பற்றிய மென்டல் கபாசிட்டி ஆக்டை மட்டும் எலும்பு வரை புரிந்துகொண்டால் மற்றவை படிய ஆரம்பிக்கும். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவதும் அதில்தான், ஏனென்றால் நம் குடும்ப வழக்கத்துக்கு நேரெதிராக அது நிற்கிறது.

82 வயது அம்மா, மறதி நோயின் தொடக்கம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'அறளை பெயர்ந்திட்டுது' என்பார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போவதா, கேர் ஹோமுக்கா என்று முடிவு செய்ய வேண்டும். மகள் தலைப்பில் உள்ள வாக்கியத்தைச் சொல்கிறார். பாசத்தோடுதான் சொல்கிறார். மாணவர் கட்டுரையில், "குடும்பத்தின் விருப்பத்தை மதித்து" என்று எழுதுகிறார். அங்கே மதிப்பெண் போய்விட்டது.

சட்டத்தின் முதல் பிரிவில் ஐந்து கொள்கைகள். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவும்வரை, இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இயன்ற எல்லா உதவியும் செய்து பார்த்த பிறகுதான் 'முடியவில்லை' என்று சொல்லலாம். முட்டாள்தனமாகத் தெரியும் முடிவை எடுப்பதே திறன் இல்லாததற்குச் சான்றாகாது. திறன் இல்லாதவருக்காகச் செய்வது எதுவும் அவர் நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். அவர் உரிமையையும் சுதந்திரத்தையும் எந்த வழி குறைவாகப் பறிக்குமோ அதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த அம்மாவிடம் திரும்புங்கள். இரண்டாம் கொள்கைப்படி முதல் வேலை, தமிழ் மொழிபெயர்ப்பாளர். மகள் மொழிபெயர்க்கக் கூடாது. வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியில் அவருக்கும் பங்கு இருக்கிறது. அடுத்தது நேரம். மாலையில் குழம்புகிறவர் காலையில் தெளிவாக இருக்கலாம். காதுக்கருவி மாட்டியிருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பின் நான்கு விஷயம் சோதிக்க வேண்டும்: சொன்னது புரிகிறதா, முடிவெடுக்கும் நேரமாவது நினைவில் நிற்கிறதா, அதை எடைபோட்டுப் பார்க்க முடிகிறதா, எந்த வழியிலாவது வெளிப்படுத்த முடிகிறதா. நான்கில் ஒன்று முடியாவிட்டால், அதற்கு மூளை அல்லது மனத்தின் பாதிப்பு காரணமா என்று பார்க்க வேண்டும். பழைய பாடநூல்களில் நோயை முதலில் பார்க்கச் சொல்லியிருக்கும். 2021-இல் ஜே.பி. வழக்கில் உச்ச நீதிமன்றம் திறனை முதலில் பார், காரணத்தைப் பிறகு பார் என்று தெளிவாக்கியது. பழைய வரிசையை எழுதினால் மார்க் போடுகிறவருக்கு நீங்கள் எந்த வருடப் புத்தகம் படித்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

திறன் என்பது ஒரு முடிவுக்கு, ஒரு நேரத்துக்கு. அந்த அம்மாவுக்கு வீட்டை விற்பது பற்றி முடிவெடுக்க முடியாமல் போகலாம். இட்லி வேண்டுமா, கஞ்சி வேண்டுமா என்பது அவர் முடிவுதான். "திறன் இல்லாதவர்" என்று மொட்டையாக எழுதுவது பிழை.

இன்னொன்று. 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' (நெருங்கிய உறவினர்) என்று படிவத்தில் பெயர் இருப்பதால் மகனுக்கோ மகளுக்கோ எந்த அதிகாரமும் வருவதில்லை. அதிகாரம் வேண்டுமென்றால் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி (திறன் இருக்கும்போதே ஒருவர் தனக்காக முடிவெடுக்க இன்னொருவரை நியமிக்கும் பத்திரம்), அதுவும் பப்ளிக் கார்டியன் அலுவலகத்தில் பதிவானது, வேண்டும். சொத்துக்கு ஒன்று, உடல்நலத்துக்கு ஒன்று எனத் தனித்தனி. உடல்நலத்துக்கானது அவர் திறன் இழந்த பிறகுதான் செல்லும். சொத்துக்கான பத்திரத்தைக் காட்டி மருத்துவ முடிவெடுக்க வருகிற பிள்ளைகளை பிளேஸ்மெண்டில் நிச்சயம் பார்ப்பீர்கள்.

இந்தச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் 2000-இன் தனிச் சட்டம். கேர் ஆக்ட் இங்கிலாந்துக்கு மட்டும், வேல்ஸில் வேறு. 'யு.கே. சட்டப்படி' என்று எழுதும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள்.

எழுத்து

20 கிரெடிட் பாடம் என்றால் 200 மணிநேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சத்தைக் கடைசி வாரத்தில் அடைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான தோல்விகளின் கதை.

2,000 சொல் கட்டுரைக்கு ஒரு கைக்கணக்கு: முன்னுரை 180, உடல் ஆறு பத்தி தலா 270, முடிவுரை 200. அதாவது உங்களுக்கு ஆறு கருத்துக்குத்தான் இடம். பதினாறு கருத்தைத் திணித்தால் ஒன்றுகூட வேர் பிடிக்காது. பெரும்பாலான இடங்களில் 10 சதவீதம் கூடக் குறைய விடுவார்கள். உங்கள் பாடக் கையேட்டில் சரிபாருங்கள்.

கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். விவரி என்றால் என்ன நடந்தது. விளக்கு என்றால் ஏன். பகுத்தாய்வு செய் என்றால் எந்தப் பகுதி எதோடு எப்படித் தொடர்புடையது. மதிப்பிடு என்றால் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது, எங்கே உடைகிறது. லெவல் 4-இல் விவரித்தும் தேறலாம். லெவல் 6-இல் அதே எழுத்து நாற்பதைத் தாண்டாது.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. "திருமதி அ. சரியாகச் சாப்பிடவில்லை. நான் பொறுமையாக ஊட்டிவிட்டேன். ஊட்டச்சத்து முதியவர்களுக்கு மிக முக்கியம்." இது தேறாது. கீழே உள்ளது தேறும்: "திருமதி அ.வின் எடை நான்கு மாதத்தில் 48 கிலோவிலிருந்து 44 ஆனது. 8 சதவீத இழப்பு. உயரம் 1.52 மீட்டர், பி.எம்.ஐ. 19. ஊட்டக்குறைவு ஆபத்தை அளக்கும் 'மஸ்ட்' கருவியில் எடையிழப்புக்கு 1, பி.எம்.ஐ.க்கு 1, மொத்தம் 2, உயர் ஆபத்து. எடை மாதந்தோறும் குறிக்கப்பட்டும் இரண்டாம் மாதத்தில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. கருவி இருந்தும் அதை யார் எப்போது கணக்கிடுவது என்ற பொறுப்பு எழுதப்படவில்லை." கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் மதிப்பெண். அவற்றுக்குத் துணையாக ஓர் ஆய்வையோ, சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலையோ காட்டினால் அறுபதுக்குப் போகலாம்.

பிரதிபலிப்புக் கட்டுரை தனி வகை. கிப்ஸின் 1988 சுழற்சியில் ஆறு படி: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், பகுத்தாய்வு, முடிவு, இனிச் செய்வது. முக்கால்வாசிப் பேர் நடந்ததிலேயே மூழ்கிவிடுகிறார்கள். 1,500 சொல்லில் நடந்ததற்கு 200, உணர்வுக்கு 100, நல்லது கெட்டதுக்கு 250, பகுத்தாய்வுக்கு 600, முடிவுக்கு 150, இனிச் செய்வதற்கு 200 என்று பென்சிலால் கோடு போட்டுவிட்டு எழுதுங்கள். 'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்பது திட்டமாகாது. எந்தப் பயிற்சி, எந்த மாதம், யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது என்று இருக்க வேண்டும்.

கேர் ஹோமின் பெயர், நோயாளியின் பெயர், வார்டு எண், ஊர்த் திருவிழாவோடு சேர்த்துச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடக்கூடிய விவரம் எதுவும் கட்டுரையில் வரக்கூடாது. இரகசியம் மீறினால் எத்தனை நல்ல கட்டுரையையும் தோற்கடிக்கும் விதி பல இடங்களில் உண்டு. பின்னிணைப்பில் செருகும் படத்தின் மூலையில் கிடக்கும் லெட்டர்ஹெட்டால் மாட்டியவர்கள்தான் அதிகம்.

கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிடும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பதறுவதிலும் அர்த்தமில்லை. அது ஒற்றுமையை மட்டும் எண்ணுகிறது. நூற்பட்டியலையே 12 சதவீதமாகக் காட்டலாம். 6 சதவீதத்திலும் திருட்டு இருக்கலாம். நிறம் எந்தப் பத்தியில் தொடர்ச்சியாக விழுகிறது என்று பாருங்கள். ஏ.ஐ. கருவி தரும் மேற்கோள்கள், எங்குமே வெளிவராத கட்டுரைகளைச் சுட்டக்கூடும்; நூலகத்தில் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பிளேஸ்மெண்டில் கண் எங்கே இருக்க வேண்டும்

பழகிய கைக்கு இங்கே சொல்லித்தர அதிகமில்லை. பதிவேட்டில்தான் கவனம் வேண்டும். "டீ கொடுத்தேன்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. 180 மி.லி. கொடுத்ததில் 60 குடித்தார் என்றால் தெரியும். "முரண்டு பிடித்தார்" என்பது தீர்ப்பு, "10.15-க்குக் கையைத் தட்டிவிட்டு, வேண்டாம் என்று இருமுறை சொன்னார், 10.40-க்குத் திரும்பக் கேட்டபோது சம்மதித்தார்" என்பது பதிவு. விசாரணை வந்தால் இரண்டாவதுதான் உங்களைக் காப்பாற்றும்.

ஹாய்ஸ்டைத் தொடும் முன் அதன் சோதனை ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆளைத் தூக்கும் இந்தக் கருவியும் ஆளைத் தாங்கும் துணியான ஸ்லிங்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது தூக்கும் கருவிகளுக்கான 1998-இன் லோலர் விதி. லேபிள் அழிந்த ஸ்லிங்கைப் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் அளவும் தாங்கும் எடையும் அதில்தான் இருக்கின்றன. மாணவர் என்பதால் தயங்க வேண்டாம். கேட்காமல் தூக்கியதற்குத்தான் கேள்வி வரும்.

நம் நிறத் தோல் பற்றி ஒரு வார்த்தை. படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் 'அழுத்தினாலும் மறையாத சிவப்பு' என்று பாடத்தில் இருக்கும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, வலிக்கிறதா, நிறம் இன்னும் கறுத்தோ ஊதாவாகவோ மாறியிருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்து ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள்.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு, உணவு, பானத்தின் பதத்தைக் குறிக்கும் 'இட்சி' அளவுகோல்: 0 முதல் 7 வரை. லெவல் 4 என்றால் கூழ், 5 என்றால் பெரியவருக்கு 4 மி.மீ. அகலத் துணுக்கு, 6 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் மென்துண்டு. தமிழ்க் குடும்பம் அன்போடு டிஃபன் கேரியரில் கொண்டு வரும் ரசம் சாதம்தான் இதில் பெரிய ஆபத்து. நீரும் பருக்கையும் ஒரே வாயில். நீர் முன்னால் ஓடி மூச்சுக்குழலுக்குள் போகும், பருக்கை பின்னால் சிதறும். லெவல் 5-இல் சோறு தரலாம், ஆனால் பருக்கை பருக்கையாக உதிரவும் கூடாது, பசை போல ஒட்டவும் கூடாது; கெட்டியான குழம்பில் சேர்ந்து நிற்க வேண்டும். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் எழுதிய லெவலைக் கேட்டு, நன்கு குழைந்த பருப்புச் சோறு ஒத்துவருமா என்று அவரிடமே கேளுங்கள். 'வீட்டுச் சாப்பாடு கொண்டு வராதீர்கள்' என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு நல்ல பதில்; கட்டுரைக்கும் நல்ல பொருள்.

முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்ற விதிக்கு வளையலும் கைக்கடிகாரமும் மந்திரித்த கயிறும் ஒன்றுதான். கல் பதிக்காத மோதிரத்தை மட்டும் விடுவார்கள். தாலிக்கொடியை உள்ளே செருகினாலும் குனியும்போது வெளியே தொங்கும், குழப்பத்தில் இருப்பவர் பிடித்து இழுப்பார். குட்டையான சங்கிலியில் கோத்துக்கொள்வதா, கழற்றி வைப்பதா என்பதை முதல் நாளுக்கு முன்பே மேற்பார்வையாளரிடம் பேசிவிடுங்கள்.

வேலை நேரம்

ஸ்டூடண்ட் விசாவில் பட்டப் படிப்பு என்றால் பாடக்காலத்தில் வாரம் 20 மணி. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சராசரி போட முடியாது: ஒரு வாரம் 28, அடுத்த வாரம் 12 என்றால் மீறியாயிற்று. ஞாயிறு இரவு 8 முதல் திங்கள் காலை 8 வரை ஷிஃப்ட் என்றால் 4 மணி ஒரு வாரத்தில், 8 மணி அடுத்ததில் விழும். இரண்டு ஏஜென்சியில் பார்த்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். சுயதொழிலாகப் பதிவு செய்யச் சொல்லும் ஏஜென்சிக்குப் போகவே கூடாது. அந்த விசாவில் அதற்கு அனுமதியில்லை. படிப்பின் பகுதியாக மதிப்பிடப்படும் பிளேஸ்மெண்ட் இந்த 20-இல் சேராது. ரோட்டாவையும் பேஸ்லிப்பையும் வாரவாரம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வருட ஆய்வு

பெரும்பாலும் இலக்கிய மீளாய்வுதான் செய்யச் சொல்வார்கள். நேரடி நேர்காணலுக்கு நெறிமுறை அனுமதி வாங்கவே ஒரு பருவம் போய்விடும். நம்மவர்கள் ஆசையோடு எடுக்கும் தலைப்பு: இங்கிலாந்துத் தமிழர்களும் மறதி நோயும். தேடினால் கட்டுரைகள் விரல்விட்டு எண்ணும்படி வரும். காரணம் ஆய்வுகள் 'தெற்காசியர்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகின்றன. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனருக்குத் தனிக் கட்டங்கள். இலங்கைத் தமிழர் பெரும்பாலும் 'பிற ஆசியர்' கட்டத்தில். ஆகவே தலைப்பைத் தெற்காசியப் பராமரிப்பாளர்கள் என்று விரித்துத் தேடி, எந்த ஆய்வில் தமிழர் இருந்தார்கள், எதில் இல்லை என்று ஒரு நிரலில் குறியுங்கள். அந்த இடைவெளியே உங்கள் விவாதப் பகுதி.

ஒரே பொருள் தரும் சொற்களை 'ஆர்' போட்டு அடைப்புக்குள், வேறு வேறு கருத்துகளை 'ஆண்ட்' போட்டு இணைத்து சினால், பப்மெட் என்ற இரண்டு ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளங்களிலும் தேடுங்கள். தேடிய தேதி, சொல்வரிசை, வந்த எண்ணிக்கை, கழித்த எண்ணிக்கை, கழித்த காரணம் ஐந்தையும் அன்றே எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து பிரிஸ்மா வரைபடம் (எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை கழிந்தது என்று காட்டுவது) போட்டால் எண்கள் ஒருபோதும் கூடி வராது. எட்டு முதல் பன்னிரண்டு கட்டுரை போதும்; ஒவ்வொன்றையும், ஆய்வின் தரத்தை எடைபோடும் காஸ்ப் கேள்விப்பட்டியலில் ஓட்டிப் பலவீனத்தைச் சொல்ல முடிந்தால்.

பட்டத்துக்கு அப்புறம்

எம்.ஏ. சோஷியல் வொர்க் என்றால் இங்கிலாந்தில் 70 நாள், 100 நாள் என இரண்டு பிளேஸ்மெண்ட். முழுநேர வேலையோடு ஓட்ட முடியாது. நர்சிங் என்றால் 2,300 மணி நடைமுறை, 2,300 மணி பாடம். இரண்டு வருடத்தில் அதை முடிக்க முடிவது, முன் கற்றலையும் அனுபவத்தையும் பாதி வரை கணக்கில் எடுக்க என்.எம்.சி. அனுமதிப்பதால். ஆனால் 'பத்து வருடம் கேர் ஹோமில் இருந்தேன்' என்று சொன்னால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வகை நோயாளி, என்ன செய்தீர்கள், யார் கையெழுத்து என்று கேட்பார்கள். பழைய கேர் ஹோம் கைமாறியிருக்கும், மேலாளர் போயிருப்பார். அதனால் முதல் வருடம் சேர்ந்த வாரமே ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி, மாதக் கடைசியில் மணிநேரத்தைக் கூட்டி, மேற்பார்வையாளரிடம் பெயரும் பதவியும் தேதியும் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி பெயர் மட்டும் அதில் வேண்டாம்.